சூரைச்செடியின் கீழே ஒரு அடையும் தண்ணீரும்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். வயது 36. ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் சப்போர்ட் வேலை, ஐந்து வருடமாக இரவு ஷிப்ட். மேடவாக்கத்தில் ஃபிளாட், அதற்கு மாதம் 31,000 ஈஎம்ஐ. அப்பாவின் ஆபரேஷனுக்காகத் தேய்த்த மூன்று கிரெடிட் கார்டுகளில் இன்னும் 2,40,000 நிற்கிறது. மாதம் 12,000, மினிமம் டியூ என்கிற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி ஓட்டுகிறீர்கள். கார்டு விஷயம் மனைவிக்குத் தெரியாது. பைபிளைத் திறந்தால் எழுத்து கண்ணில் நிற்க மாட்டேன் என்கிறது, ஜெபத்தில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, படுத்தால் தூக்கம் போய்விடுகிறது. வேலையை விட்டுவிடலாமா, சபைக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுக்கும் தசமபாகத்தை நிறுத்தினால் பாவமா, இந்த நிலையில் ஒரு கிறிஸ்தவனுக்கு ஆறுதல் எங்கே என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நடுவில், போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: "காலையில் எழுந்திருக்காமலே போனால் நல்லது என்று சில நாள் தோன்றுகிறது." நீங்கள் உண்மையில் கேட்ட கேள்வி அந்த வரிதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எதை நம்பலாம் எதை நம்ப வேண்டாம் என்று உங்களுக்குத் தெரியவேண்டுமே. நான் ஒரு வங்கியில் 28 வருடம் இருந்தவள், அதில் பாதிக்கு மேல் கடன் பிரிவில். ஓய்வு பெற்ற பிறகு பெரம்பூர் பக்கம் எங்கள் சபையில் வாரம் இரண்டு நாள் ஆலோசனை அறையில் உட்காருகிறேன். கடன் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். வேதத்தை ஓரளவு முறையாகப் படித்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, வக்கீலும் இல்லை. வயதை வைத்து உங்களைத் தம்பி என்று கூப்பிட்டுக்கொள்கிறேன்.

தம்பி, அந்த ஒரு வரியை உங்களுக்கு முன்பே ஒருவர் சொல்லியிருக்கிறார். எலியா தீர்க்கதரிசி. கர்மேல் மலையில் அக்கினி இறங்கிய அவ்வளவு பெரிய வெற்றிக்கு அடுத்தபடியே, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். 1 இராஜாக்கள் 19. நம்முடைய கூட்டங்களில் கர்மேலைப் பற்றி மணிக்கணக்கில் பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். இந்த அதிகாரத்தை வேகமாகத் தாண்டிப் போய் "மெல்லிய சத்தம்" வந்ததும்தான் நிற்பார்கள். நடுவில் நடப்பதைக் கவனியுங்கள். தூதன் வந்து தட்டி எழுப்புகிறான். பிரசங்கம் இல்லை. உன் விசுவாசம் எங்கே என்ற விசாரணை இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கிறது. "எழுந்திருந்து போஜனம்பண்ணு." சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடியும் படுத்துத் தூங்குகிறார், தூதன் அதையும் தடுக்கவில்லை. இரண்டாம் தரம் எழுப்பும்போதுதான் ஒரு காரணம் சொல்கிறான்: "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." கடவுள் அவரோடு பேச ஆரம்பித்தது, தூங்கி, சாப்பிட்டு, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். அந்த வரிசையை யாரோ தெரியாமல் மாற்றி எழுதிவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது, சட்டென்று கண்ணில் படாது. மூன்றாம் வசனத்தில், வனாந்தரத்துக்குள் போகும் முன் எலியா தன் வேலைக்காரனைப் பெயெர்செபாவிலேயே நிறுத்திவிட்டுப் போகிறார். தனியாகப் போகிறார். ஓரேபில் கடவுளிடம் அவர் வைக்கும் புலம்பலும் "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்பதுதான். பதிலில் கடவுள் ஏழாயிரம் பேர் மீதியாக இருக்கிறார்கள் என்கிறார், கூடவே எலிசா என்று ஓர் ஆளையும் காட்டுகிறார். சோர்ந்து போனவன் முதலில் செய்வது கூட இருப்பவனை நிறுத்திவிட்டுத் தனியாகப் போவது. என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலானவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். நீங்களும் செய்திருக்கிறீர்கள்: கார்டு விஷயம் மனைவிக்குத் தெரியாது.

இனி டாக்டர் விஷயம், ஏனென்றால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. 'பர்ன் அவுட்' என்பதை உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 என்னும் தன்னுடைய நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் வேலை சம்பந்தப்பட்ட ஒரு நிலை என்றுதான் வைத்திருக்கிறது, நோய் என்று வைக்கவில்லை. மூன்று அடையாளம் சொல்கிறார்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, எதைச் செய்தாலும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். நம்முடைய பைபிளில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது. விடிந்தது முதல் சாயங்காலம் வரை தனியாக வழக்கு விசாரித்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து அவருடைய மாமனார் எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றும், "தொய்ந்துபோவீர்கள்" என்றும் சொல்கிறார். தொய்ந்துபோவது. கொடியில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டே இருந்தால் கயிறு என்ன ஆகும்? கயிற்றில் குற்றம் இல்லை.

ஆனால் தொய்வு ஒன்று, மனச்சோர்வு நோய் என்கிற டிப்ரஷன் வேறொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். லீவு போட்டும் தேறவில்லை, பிடித்த விஷயத்திலும் ருசி இல்லை, பசியும் தூக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருக்கிறது, சாவு பற்றிய நினைப்பு வந்து போகிறது என்றால் அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். உங்களுக்கு எது என்று தூரத்தில் இருந்துகொண்டு நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நீங்கள் எழுதிய அந்த வரி இருப்பதால் இந்த வாரமே போங்கள். ஐந்து வருடம் இரவு ஷிப்ட் பார்த்தவர். தைராய்டு, சர்க்கரை, பி12 எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். காசு இடிக்கிறது என்றால் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், ஸ்டான்லியிலும், கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் என்றதும் உங்களுக்குச் சிரிப்போ கூச்சமோ வந்திருக்கும். சினிமாக்காரர்கள் அந்த ஊர்ப் பெயரையே கேலிப் பேச்சாக்கி வைத்துவிட்டார்கள். கூச்சம் தீரும் வரை காத்திருக்க வேண்டாம். நடு ராத்திரியில் அந்த நினைப்பு வந்தால் 14416. டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச எண், தமிழில் பேசுவார்கள், எந்த நேரமும். சென்னையிலேயே 1986 முதல் இருக்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் எண் 044-24640050.

"மாத்திரை சாப்பிட்டால் விசுவாசக் குறைவு ஆகாதா" என்று கேட்பவர்கள் சபையில் உண்டு. எசேக்கியா ராஜாவிடம் ஏசாயா, கர்த்தர் உன்னைக் குணமாக்குவார், ஆயுசில் பதினைந்து வருடம் கூட்டுவார் என்று வாக்குச் சொல்லிவிட்டு, அந்த மூச்சிலேயே அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின் மேல் பற்றுப்போடச் சொல்கிறார். 2 இராஜாக்கள் 20. வாக்குத்தத்தமும் வைத்தியமும் ஒரே ஆள் வாயிலிருந்து வருகின்றன. இதற்கு மேல் அவர்களோடு வாதாட உங்களுக்கு இப்போது தெம்பு இருக்காது, விடுங்கள்.

பணத்துக்கு வருவதற்கு முன் என் சொந்தக் கதை ஒன்று. 2007இல் என் கணவருடைய தொழில் படுத்துவிட்டது. நான் வங்கிக் கடன் அதிகாரி. என் வீட்டில் கடன். வெளியே சொல்ல முடியுமா? வளையல்களையும் செயினையும் எங்கள் பக்கத்தில் வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, பஸ் ஏறிப் போய்ப் புரசைவாக்கத்தில் ஒரு அடகுக்கடையில் வைத்தேன். என் வங்கியிலேயே நகைக்கடன் வட்டி அதில் பாதிகூட இல்லை. அங்கே வைத்தால் பக்கத்து சீட்டுக்குத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக இரட்டை வட்டி கட்டினேன். கழுத்தில் கவரிங் செயின் போட்டுக்கொண்டு சபைக்குப் போய்வந்தேன். ஏப்ரல் மாதம், ஈஸ்டர் ஆராதனை, ஃபேனுக்கு எட்டாத வரிசை. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, ஸ்கூல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி என் பக்கத்தில் வந்து, தன் முந்தானை நுனியால் என் கழுத்தின் பின்பக்கம் துடைத்தார். துணியில் கறுப்பு. "கழுத்து கறுத்திருக்கே கண்ணு" என்றார், அவ்வளவுதான். எனக்கு வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போனார். தட்டில் சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றி, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் ஒரே கேள்வி: "எவ்வளவு?"

யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. ஜெபிக்கிறேன் என்று சொல்லக் கூடியவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கே தெரியாதே. அன்றைக்குத்தான் முதல் தடவையாக மொத்தத் தொகையை வாய்விட்டுச் சொன்னேன், பைசா சுத்தமாக. அவர் ஒரு பழைய கோடு போட்ட நோட்டை எடுத்து அதை எழுதினார். "என்கிட்ட பணம் கிடையாது. ஆனா கணக்கு வரும்," என்றார். கடன் அதிகாரிக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த டீச்சர்! கடன் முடிய மூன்று வருடம் ஆனது. தூக்கம் மட்டும் அன்று ராத்திரியே வந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஆறுதல் எங்கே என்ற உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதில்தான் இருக்கிறது. 2 இராஜாக்கள் 4இல் கடன் கொடுத்தவன் தன் பிள்ளைகளை அடிமையாக்க வந்து நிற்பதால் தவிக்கும் விதவையைப் பாருங்கள். அவள் எலிசாவிடம் போய்க் கூப்பாடு போடுகிறாள். அவரும் "உன் வீட்டில் என்ன இருக்கிறது" என்று இருப்பைக் கேட்கிறார். அப்புறம் அயல்வீட்டார் எல்லாரிடமும் வெறும் பாத்திரம் கேட்டு வரச் சொல்கிறார். அற்புதம் நடந்தது கதவைப் பூட்டிக்கொண்டுதான். ஆனால் அதற்கு முன் அவள் தெரு முழுக்கக் கதவைத் தட்டியாக வேண்டியிருந்தது. கடைசியில் எண்ணெயை விற்று, முதலில் கடனைத் தீர்த்து, மிச்சத்தில் பிழைக்கச் சொல்கிறார். பவுலும் அப்படித்தான். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனத்தை பைக் ஸ்டிக்கரில்கூடப் பார்க்கிறோம். அது பற்றாக்குறையைப் பற்றி எழுதிய இடம். அடுத்த வசனமே, நீங்கள் என் உபத்திரவத்தில் பங்கெடுத்தது நல்லது என்று பிலிப்பியருக்கு நன்றி சொல்கிறது. பெலன் உண்டு என்றவர்தான் உதவியும் வாங்கிக்கொண்டார்.

சரி, கணக்கு. உங்கள் கார்டுகளின் வட்டியை நீங்கள் எழுதவில்லை. மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன், பொதுவாக அதை ஒட்டித்தான் இருக்கும், ஸ்டேட்மென்டில் சரிபாருங்கள். 2,40,000க்கு ஒரு மாத வட்டி 8,400. அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 1,512. ஆக நீங்கள் வயிற்றைக் கட்டிக் கட்டும் 12,000இல் 9,912 காற்றில் போகிறது, அசலில் குறைவது 2,088 ரூபாய். ஐந்து வருடமாக ராத்திரி கண் விழித்துச் சம்பாதிப்பது யாருக்காக என்று உங்களுக்குத் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்று நீதிமொழிகள் சொல்வது திட்டுவதற்காக இல்லை, நிலைமை அதுதான். அதே தொகையை வருடம் 10 சதவீத வட்டியை ஒட்டி ஒரு வங்கி நகைக்கடனுக்கு மாற்றினால், முதல் மாத வட்டி 2,000தான். அதே 12,000ஐ விடாமல் கட்டினால் 22 மாதத்தில் முடிந்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை திருப்பி வைக்க வேண்டி வரலாம், கட்டாமல் விட்டால் நகை ஏலத்துக்குப் போகும் ஆபத்தும் உண்டு. நகை இல்லை என்றால், கார்டு கொடுத்த வங்கியிடமே நிலுவையைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் தவணை தவறும் முன் கேட்பவருக்குக் கிடைக்கும் மரியாதை தவறிய பிறகு கேட்பவருக்குக் கிடைப்பதில்லை. மேசையின் அந்தப் பக்கம் இருந்தவள் சொல்கிறேன். வீட்டுக் கடனுக்கும் தவணைக் காலத்தை நீட்டி ஈஎம்ஐயைக் குறைக்கக் கேட்கலாம். மொத்த வட்டி கூடும், அதைத் தெரிந்தே செய்ய வேண்டும். மூன்று கார்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போங்கள். கார்டை அடைக்க லோன் ஆப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்து, போட்டோவை மாற்றி அனுப்புவேன் என்று எவனாவது மிரட்டினால் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்குப் புகார் செய்யுங்கள்.

ஃபோனில் வந்து கத்துகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே சொல்லியிருக்கிறது. அசிங்கமாகப் பேசுவதும், வீட்டாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வதும் கூடாது. முதலில் அந்த வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448இல் வழி சொல்வார்கள். கடன் வாங்கியவனுக்கும் ஒரு வாசற்படி உண்டு என்பது மோசேயின் சட்டத்திலேயே இருக்கிறது. உபாகமம் 24இல், அடகு வாங்கக் கடன் கொடுத்தவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது, "வெளியே நிற்பாயாக" என்று எழுதியிருக்கிறது. திரிகைக் கல்லை அடகு வாங்காதே, அது ஒருவனுடைய ஜீவனையே அடகு வாங்குவது என்கிறது அதே அதிகாரம்.

உங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் வாக்குத்தத்த அட்டைக்கு வருகிறேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுத்தது, "நீயோ கடன் வாங்காதிருப்பாய்." தண்ணீர் பாட்டில் எடுக்கும்போதெல்லாம் அது உங்களைக் குற்றம் சாட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உபாகமம் 28 அது. ஒரு ஜனம் முழுவதையும் பார்த்துச் சொன்னது. மூன்று கார்டு வைத்திருக்கும் ஒருவரைக் குறிவைத்துச் சொன்னது இல்லை. நான் மேலே சொன்ன 24ஆம் அதிகாரம் அதே புத்தகம்தான். ஏழாம் வருடத்தில் கடனை விடுதலை பண்ணச் சொல்லும் 15ஆம் அதிகாரமும் அதே புத்தகம். தம் ஜனத்தில் கடன்பட்டுப் போகிறவர்கள் இருப்பார்கள் என்று தெரிந்துதான் அவர்களுக்கென்று சட்டம் வைத்திருக்கிறார். அட்டையைக் கிழிக்க வேண்டாம். வசனத்தைச் சீட்டு எடுப்பதுபோல் எடுக்கும் நம்முடைய வழக்கத்தின் மேல்தான் எனக்குக் கோபம்.

தசமபாகம். இதில் கிறிஸ்தவர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மல்கியா 3ஐ வைத்து, எந்த நிலையிலும் பத்தில் ஒன்று கட்டாயம் என்று போதிக்கிற நல்ல போதகர்கள் இருக்கிறார்கள். புதிய ஏற்பாட்டில் சபைக்கு அப்படி ஒரு சதவீதம் விதிக்கப்படவில்லை என்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது பக்கம். விசனமாயும் கட்டாயமாயும் கொடுக்க வேண்டாம் என்று பவுல் சொல்கிறார், ஒருவனிடம் "உள்ளதின்படியே" அது அங்கீகரிக்கப்படும் என்றும் சொல்கிறார். உங்களிடம் உள்ளது இப்போது மைனஸில் இருக்கிறது. கார்டில் தேய்த்துக் கொடுக்கும் காணிக்கை உங்கள் பணம் இல்லை, வங்கியின் பணம். மனம் உறுத்தினால் ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து ரூபாய் பையில் போடுங்கள், கூச்சப்படாமல். கடன் முடிந்ததும் மனம் சொல்கிறபடி கொடுங்கள். ஆனால் "விதை" போடு, நூறு மடங்காக அறுப்பாய், கடன் கட்டு உடையும் என்று உங்களிடமே காசு கேட்பவர் யாராக இருந்தாலும் அங்கே மட்டும் கொடுக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேலையை விடுவதைப் பற்றி இக்னேஷியஸ் லொயோலா சொன்ன ஒரு விதி எனக்குப் பிடிக்கும். நுங்கம்பாக்கத்துக் கல்லூரிக்குப் பெயர் கொடுத்த அதே புனிதர். மனம் இருண்டு கிடக்கும் காலத்தில், அதற்கு முன் தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே என்கிறார். நான் சிஎஸ்ஐ என்கிற புராட்டஸ்டன்ட் சபைக்காரி, கத்தோலிக்கரை மேற்கோள் காட்டுகிறேன் என்று எங்கள் சபையில் ஒருவர் இருவர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. அந்த வேலையில் நீங்கள் காலமெல்லாம் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஒருவேளை விடத்தான் வேண்டியிருக்கும். ஆனால் விடிகாலை மூன்றரைக்கு கம்பெனி கேபில், சோழிங்கநல்லூர் சிக்னலில், ஃபோனில் ராஜினாமா கடிதம் டைப் பண்ணாதீர்கள். டாக்டர் சீட்டோடு ஒரு பத்து நாள் லீவு, பிறகு பகல் ஷிப்ட் கேட்டு ஒரு மெயில், கூடவே மெதுவாக வேறு வேலை தேடுவது, இந்த வரிசையில் போங்கள். அவர்கள் ஷிப்ட் மாற்ற மறுத்தால் அதுவும் ஒரு தகவல்தான். அப்புறம், நீங்கள் பார்க்கும் இரண்டாவது ஷிப்ட் ஒன்று இருக்கிறதே, அதை இன்றே விடலாம்: வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு மைக் செட் பார்ப்பது, ஞாயிறு காலை ஓய்வுநாள் பள்ளி, சாயங்காலம் பாடகர் குழு பயிற்சி. மூன்று மாதம் விடுப்பு கேளுங்கள். ஓய்வுநாளுக்கு உபாகமம் 5 சொல்லும் காரணமே, நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்பதை நினை என்பதுதான். அடிமைக்குத்தான் லீவு கிடையாது. சபை ஆட்கள் வருத்தப்பட்டால், வருகிறவர்களும் போகிறவர்களுமாய்ச் சாப்பிடக்கூட நேரமில்லாதிருந்த சீஷர்களை இயேசு, "சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்று கூட்டிப்போன மாற்கு 6ஐக் காட்டுங்கள். (அந்த ஓய்வும் அவர்களுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை, ஜனங்கள் கரை வழியே முந்திக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். உங்களுக்கும் போன் வரும். எடுக்காதீர்கள்.)

ஜெபிக்க முடியவில்லை என்பதற்குப் பெரிய வைத்தியம் எதுவும் சொல்லப் போவதில்லை. ஒரு மணி நேரம் முழங்கால் போடும் காலம் இது இல்லை. ரோமர் 8இல் ஆவியானவர் நமக்காக "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" வேண்டுகிறார் என்று இருக்கிறது; வார்த்தை வராத ஆளுக்கு அது போதும். வாய்விட்டு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தால் கர்த்தருடைய ஜெபம். ஆராதனையில் "குற்றங்களை" என்று சொல்லிப் பழகியிருப்போம். மத்தேயு 6ஐத் திறந்து பாருங்கள், "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்றுதான் இருக்கும். அதற்கு முந்தின வரியில் ஆகாரத்தை "இன்று" கேட்கிறோம், 22 மாதத்துக்கும் சேர்த்து இல்லை. சங்கீதம் வாசிக்க முடிந்தால் 88. கடைசி வரி வரைக்கும் வெளிச்சமே வராத சங்கீதம் அது, எப்படியோ பைபிளுக்குள் இருக்கிறது. அதை எழுதியவரை யாரும் வெளியே தள்ளவில்லை.

இந்தக் கடன் எப்போது தீரும், கடவுள் எந்த வழியாகத் தீர்ப்பார் என்று நான் வாக்குச் சொல்ல முடியாது. என் விஷயத்தில் பணம் வானத்திலிருந்து வரவில்லை. சம்பளத்திலிருந்து, மாதா மாதம், மூன்று வருடம் போனது.

புதன்கிழமை உங்களுக்கு வீக் ஆஃப் என்று எழுதியிருந்தீர்கள். அன்று பகலில் நன்றாகத் தூங்குங்கள். சாயங்காலம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, மாதம் என்ன கட்டுகிறோம். குழந்தை தூங்கின பிறகு மனைவியிடம் சொல்லுங்கள். டிவியை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள். நகையைப் பற்றி அன்றைக்கு வாயே திறக்க வேண்டாம், அது அவருடையது, அவராகச் சொன்னால் பார்க்கலாம். காலையில் எழுந்திருக்க வேண்டாம் என்று தோன்றுவதையும் சொல்லுங்கள், கடனைவிட அதை முதலில் சொல்லுங்கள். அவர் அழலாம். இத்தனை நாள் மறைத்தீர்களே என்று கோபப்படலாம், இரண்டு நாள் பேசாமலும் இருக்கலாம், அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. எப்படியும் ஒரு கட்டத்தில் "எவ்வளவு?" என்று கேட்பார். நோட்டு கையில் இருக்கட்டும்.